எந்த நாகரிகம் உயர்ந்தது? டெல்லி அருங்காட்சியகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ராமகிருஷ்ணபுரத்திலிருந்தும் மயூர் விகாரிலிருந்தும் வரும் தமிழ்க் குடும்பங்களை ஜன்பத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்கிறேன். எட்டு ஆண்டுகளாக இது நடக்கிறது. பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு இதைவிடப் பிடித்த வேலை வேறில்லை. சிந்துவெளிப் பொருள்கள் இருக்கும் ஹரப்பாக் கூடத்தில் தொடங்கும் கேள்விகள், வெளியே புல்தரையில் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதும் ஓய்வதில்லை. பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

"சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் அம்மா. உலகத்திலேயே உயர்ந்த நாகரிகம் எது?"

அப்படி ஒன்று இல்லை. 'எதில் உயர்ந்தது' என்று கேட்டால் பதில் சொல்லலாம். கல்லை அடுக்கி வானளாவக் கட்டுவதில் எகிப்து. வரவு செலவை எழுதி வைப்பதில் சுமேரியா. கழிவுநீரைத் தெருவில் தேங்கவிடாமல் வெளியேற்றுவதில் சிந்துவெளி. சட்டமும் சாலையும் என்றால் ரோம். காகிதமும் அச்சும் என்றால் சீனா. அளவுகோலை மாற்றினால் முதலிடமும் மாறிவிடுகிறது. தமக்குப் பிடித்த நாகரிகத்துக்கு எந்த அளவுகோல் பொருந்துமோ அதையே கையில் எடுத்துக்கொண்டு வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அதற்காக ஒப்பிடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஒப்பிடும்போதுதான் ஓரிடத்தில் இருப்பது இன்னோரிடத்தில் ஏன் இல்லை என்ற கேள்வி பிறக்கிறது. எந்தப் பொருளின் முன் நின்றாலும் பிள்ளைகளிடம் நான் கேட்பது இதைத்தான்: என்ன செய்தார்கள், யாருடைய உழைப்பில் யாருக்காகச் செய்தார்கள், அதில் எது நம் கைவரை வந்து சேர்ந்திருக்கிறது? கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியின் வழியாகவே போகும்.

"காட்டில் வாழ்ந்தவர்கள், ஆடு மேய்த்தவர்கள் எல்லாம் நாகரிகம் இல்லாதவர்களா?"

இல்லை. குழப்பம் சொல்லில் இருக்கிறது. வரலாற்று நூல்கள் நாகரிகம் என்று சொல்லும்போது நகரம், எழுத்து, தொழில் பிரிவு, வரி, தொலைதூர வணிகம் என்று சில அடையாளங்களைக் குறிக்கின்றன. தமிழில் அதே சொல்லுக்குப் பண்பு என்ற பொருளும் உண்டு. நண்பர் கண்ணெதிரே நஞ்சை ஊற்றிக் கொடுத்தாலும் உண்டு அமைதி காப்பவரின் குணத்தைத்தான் திருக்குறள் 'நயத்தக்க நாகரிகம்' என்கிறது. நகரம் இல்லாத மக்களிடம் இந்த இரண்டாவது நாகரிகம் நிறைய இருந்திருக்கும். பெரிய நகரம் கட்டியவர்களிடம் அது இல்லாமலும் போயிருக்கலாம். இந்தப் பக்கத்தில் நான் பேசுவது முதல் பொருளில்.

"எது முதலில் வந்தது என்று பார்த்தால் போதாதா? மூத்ததுதானே பெரியது?"

காலவரிசையைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய ஈராக்கில், சுமேரியர் வாழ்ந்த மெசபடோமியாவின் உருக் நகரத்தில் கி.மு. 3300 வாக்கில் எழுத்து தோன்றிவிட்டது. எகிப்து ஒரே அரசாக இணைந்தது கி.மு. 3100ஐ ஒட்டி. சிந்துவெளி நகரங்கள் செழித்தது கி.மு. 2600 முதல் 1900 வரை. சீனாவில் எலும்பிலும் ஆமையோட்டிலும் பொறித்த எழுத்துகள் கி.மு. 13ஆம் நூற்றாண்டு அளவிலிருந்து கிடைக்கின்றன.

மூத்தது என்பதால் பெரியது ஆகிவிடாது. துருக்கியில் கோபெக்லி தெபே என்ற இடத்தில் நகரமும் எழுத்தும் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, கி.மு. 9500 அளவில், பெரும் கல்தூண்களை நிறுத்தி விலங்குருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். வயதுதான் அளவு என்றால் மேலே சொன்ன அனைவரும் அவர்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

"சிந்துவெளியில் பிரமிடு மாதிரி ஒன்றுகூட இல்லையே? அப்படியென்றால் எகிப்துதானே பெரியது?"

இந்தக் கேள்வி எழாத ஞாயிறு இல்லை. பெரும்பாலும் 'நடனப் பெண்' வெண்கலச் சிலையின் முன்தான் எழும். பாடப்புத்தகத்தில் பக்கம் நிறையப் பார்த்த படம், நேரில் வெறும் 10.5 செ.மீ. உயரம். பத்து வயதுப் பையன் ஒருவன் கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒட்டிவைத்து, "இவ்வளவுதானா?" என்று கேட்டான். அவன் முகம் விழுந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அந்தக் கையைப் பார் என்றேன். இடது கையில் தோள்வரை அடுக்கிய வளையல்கள். வலது கை இடுப்பில். தலை சற்றே நிமிர்ந்து பின்சாய்ந்திருக்கிறது. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் களிமண் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்திருக்கிறார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் மெழுகில் தொடங்கித்தான் படிமம் வார்க்கிறார்கள். நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு பெண்ணின் நிமிர்வு அந்த விரலளவு உருவத்தில் அப்படியே இருக்கிறது.

அதே நூற்றாண்டுகளில்தான் எகிப்தில் குஃபு மன்னனின் பிரமிடு எழுந்தது. கட்டி முடித்தபோது 146 மீட்டர் உயரம். சுமார் 23 லட்சம் கற்கள். அதைக் குறைத்துப் பேசுவது அறியாமை. சாட்டையடியில் அடிமைகள் கட்டியது என்ற கதையும் சரியில்லை. அந்தப் பிரமிடு நிற்கும் கிசாவில் தோண்டியெடுத்த தொழிலாளர் குடியிருப்பில் ரொட்டிச் சூளைகளும் ஏராளமான மாட்டெலும்புகளும் கிடைத்தன. நன்றாகவே உணவு கொடுத்திருக்கிறார்கள். செங்கடலோரம் வாதி அல் ஜர்ஃப் என்ற இடத்தில் 2013இல் கிடைத்த பாப்பிரஸ் என்ற நாணல்தாள் ஏடுகளில், பிரமிடுக்குப் படகில் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் சென்ற மேரர் என்ற மேற்பார்வையாளரின் அன்றாடக் குறிப்பே இருக்கிறது.

ஆனால் அந்தக் கற்கள் அனைத்தும் ஒரு மன்னனின் உடலுக்காக அடுக்கப்பட்டவை. மொகஞ்சதாரோவில் மன்னனுக்கென்று கல்லறையோ, இது அரண்மனைதான் என்று உறுதியாகக் கைகாட்டக்கூடிய கட்டடமோ கிடைக்கவில்லை. கிடைத்தவை வேறு. சுமார் 700 கிணறுகள் இருந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். வீடுகளின் குளியலறையிலிருந்து கிளம்பும் நீர், செங்கல் மூடிய தெரு வடிகாலில் போய்ச் சேர்கிறது. செங்கல்லின் உயரம், அகலம், நீளம் 1:2:4 என்ற விகிதத்தில் ஊருக்கு ஊர் மாறாமல் இருக்கிறது. எடைக்கற்களும் அப்படித்தான்: 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும் வரிசை, பஞ்சாபிலும் குஜராத்திலும் ஒன்றே. சந்தைக்குப் போகும் சாதாரண ஆள் ஏமாறாமல் வீடு திரும்ப வழி செய்த ஊர் என்று அந்தக் கனசதுரக் கற்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். இருப்பினும் அங்கே எல்லோரும் சமமாக வாழ்ந்தார்கள் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. காரணம் அடுத்த பதிலில்.

"சிந்துவெளி எழுத்தைப் படித்துவிட்டார்களா? அது தமிழ்தானே?"

இன்னும் படிக்கவில்லை. படித்துவிட்டதாகப் பலர் அறிவித்திருக்கிறார்கள்; ஆய்வாளர்கள் அனைவரும் ஏற்கும் வாசிப்பு ஒன்றுகூட இல்லை. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொகுப்பில் 417 குறியீடுகளை வகைப்படுத்தினார். பெரும்பாலான முத்திரைகளில் சராசரியாக ஐந்து குறியீடுகளே இருக்கின்றன. எகிப்திய எழுத்து திறந்துகொண்டதற்குக் காரணம், 1799இல் கிடைத்த ரொசெட்டாக் கல்லில் அதே செய்தி கிரேக்கத்திலும் இருந்தது. அதை வைத்துத்தான் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் 1822இல் வழி கண்டார். நமக்கு அப்படி ஓர் இருமொழிக் கல்வெட்டு இன்னும் வாய்க்கவில்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு முதலமைச்சர், இதைப் படித்துக் காட்டுபவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று அறிவித்தார். அது இன்னும் யாரும் வெல்லாமல் காத்திருக்கிறது.

மொழி திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்ற கருத்துக்கு வலு உண்டு. மகாதேவனும் பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலாவும் வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்குக் கொடுத்தார்கள். முத்திரைகளில் அடிக்கடி வரும் மீன் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீரில் நீந்துவதும் மீன், வானில் மின்னுவதும் மீன் என்பது தமிழில் இயல்பாக இருக்கிறது. மீனை வரைந்து விண்மீனைக் குறித்திருக்கலாம் என்பது அவர்கள் வாதத்தின் ஒரு கண்ணி. எனக்கு மிகவும் பிடித்த வாதம். பிடித்திருப்பது வேறு, நிறுவப்பட்டிருப்பது வேறு என்பதைப் பிள்ளைகளிடம் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். "திராவிடமாக இருக்கலாம்" என்பதிலிருந்து "தமிழேதான்" என்பதற்குத் தாவிவிடவும் கூடாது. நாலாயிரம் ஆண்டில் எந்த மொழியும் அப்படியே நின்றதில்லை.

"கீழடியைப் பற்றி ஏன் அடக்கி வாசிக்கிறீர்கள்? நம் பெருமையை நாமே சொல்லாவிட்டால் இந்த ஊரில் யார் சொல்வார்கள்?"

டெல்லியில் வாழும் தமிழருக்கு இந்த ஆதங்கம் வருவதன் நியாயம் எனக்குத் தெரியும். வடக்கே நடப்பதுதான் இந்திய வரலாறு என்று நம்புகிறவர்களோடு நானும் பல ஆண்டுகள் வாதாடியிருக்கிறேன். அதனால்தான் கீழடியைச் சரியாகச் சொல்ல விரும்புகிறேன். தவறாகச் சொன்னால் எதிரே இருப்பவர் ஒரே கேள்வியில் நம் வாயை அடைத்துவிடுவார்.

மதுரைக்குத் தென்கிழக்கே வைகைக் கரையில் 2014 முதல் அங்கே அகழாய்வு நடக்கிறது. கரிமக் காலக்கணிப்பில் ஒரு மாதிரி கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று வந்ததை மாநிலத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்டது. செங்கல் கட்டுமானம், உறைகிணறு, தந்தப் பகடை, பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. இந்த ஓடுகள்தாம் என் மனத்தைத் தொடுபவை. அரசனின் ஆணை எதையும் அங்கே யாரும் பொறிக்கவில்லை. ஆதன் என்பது போன்ற பெயரைப் புழங்கும் பானையில் கீறி வைத்திருக்கிறார்கள். எகிப்தில் எழுத்து பெரும்பாலும் எழுத்தர் என்ற சிறு கூட்டத்தின் கையில் இருந்தது. பானையில் பெயர் எழுதும் பழக்கம் தமிழகத்தில் கொடுமணல் உட்படப் பல ஊர்களில் காணப்படுகிறது. எழுத்து வீட்டுக்குள் வந்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு என்ன அடையாளம் வேண்டும்?

சிந்துவெளியின் கடைசிக் காலத்துக்கும் கீழடிக்கும் நடுவே சுமார் 1,300 ஆண்டுகள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே கோட்டில் இழுத்து இணைக்கும் முன் அந்த இடைவெளியை நிரப்பும் சான்றுகள் வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பு கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டைத் தொடுகிறது என்று 2025 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. இன்னும் பல இடங்களிலிருந்து அதே காலம் உறுதிப்பட்டால், இரும்பின் வரலாற்றையே திருத்தி எழுத வேண்டியிருக்கும். அதற்காக ஆவலோடு காத்திருக்கிறேன்.

"குமரிக்கண்டம் உண்மையா, இல்லையா?"

கடல் நிலத்தைக் கொண்ட நினைவு தமிழ் இலக்கியத்தில் உண்டு. பஃறுளி ஆற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது; இறையனார் அகப்பொருள் உரை முச்சங்கங்களின் கதையோடு அதைச் சேர்த்துச் சொல்கிறது. கடந்த பனியுகத்தில் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது, இலங்கையும் தமிழகமும் நிலத்தால் இணைந்திருந்தன என்பதும் அறிவியல். கரையோரம் மூழ்கியது உண்மை.

ஆனால் ஆப்பிரிக்கா வரை பரந்த கண்டம் என்ற படம் வேறு இடத்திலிருந்து வந்தது. லெமூர் என்ற விலங்கும் அதன் உறவினங்களும் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் இருப்பதற்கு விளக்கம் தேடி, 1864இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் 'லெமூரியா' என்று ஒரு நிலத்தை ஊகித்தார். நிலத்தட்டுகள் நகர்கின்றன என்பது தெளிவான பிறகு அந்த ஊகத்துக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. தமிழின் பெருமைக்கு அந்தக் கண்டம் தேவையே இல்லை; கையில் இருப்பதே ஏராளம்.

"என் அலுவலக நண்பர், கிரேக்கமும் ரோமும் இல்லாவிட்டால் இன்றைய உலகமே இல்லை என்கிறார். என்ன பதில் சொல்வது?"

பாதி ஒப்புக்கொள்ளுங்கள். குடிமக்கள் கூடி வாக்களித்து முடிவெடுப்பது, தேற்றத்துக்கு நிரூபணம் எழுதுவது ஆகியவற்றில் கிரேக்கத்தின் பங்கு பெரிது. ரோமில் உள்ள பாந்தியன் கோயிலின் கான்கிரீட் கவிமாடம் 43 மீட்டர் விட்டம். இரும்புக்கம்பி இல்லாமல் இன்றும் நிற்கிறது. மீதிப் பாதிக்கு, கிரேக்கர் தம் எழுத்துகளை மேற்காசியக் கடலோர வணிகர்களான பினீசியரிடமிருந்து பெற்றதைச் சொல்லுங்கள். உங்கள் நண்பரின் கைக்கடிகாரத்தையும் காட்டுங்கள். மணிக்கு 60 நிமிடம் என்பது மெசபடோமியர் 60ஐ அடியாக வைத்து எண்ணியதன் மிச்சம். ரோமானிய எண்களை வைத்துக்கொண்டு அவரால் ஒரு பெருக்கல் கணக்கைக்கூட எளிதில் போட முடியாது.

ரோமைத் தனித்து நின்ற உலகமாகப் பார்ப்பதும் தவறு. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை உறிஞ்சிவிடுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி முதல் நூற்றாண்டிலேயே குறைபட்டுக்கொண்டார். சேர நாட்டு மேற்குக் கரைத் துறைமுகமான முசிறியிலிருந்து சரக்கேற்றிய 'ஹெர்மபோலோன்' என்ற கப்பலின் கணக்கு எழுதிய பாப்பிரஸ் வியன்னாவில் இருக்கிறது. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் பாட்டு மறுமுனையிலிருந்து சொல்கிறது. எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தில் இந்தியப் பானை ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. குசேர் அல் காதிம் என்ற இன்னொரு துறைமுகத்தில், 'பானை ஒறி' என்று தமிழ் பிராமி என்ற பழந்தமிழ் எழுத்தில் எழுதிய ஓடு கிடைத்தது. உறியில் தொங்கவிடும் பானை. செங்கடல் கரையில் யாரோ ஒரு தமிழர் தம் வீட்டு உறியை நினைத்து எழுதிய சொல். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் தழுதழுக்கும்; மறைப்பதில்லை.

"சுழியத்தை நாம்தானே கண்டுபிடித்தோம்? அது ஒன்றே போதாதா முதலிடத்துக்கு?"

சுழியத்துக்கு மூன்று நிலைகள் உண்டு. வெற்றிடத்தைக் காட்டும் குறியாகப் பாபிலோனியர் அதைப் பயன்படுத்தினார்கள். மாயர்கள் கடலுக்கு அப்பால் மத்திய அமெரிக்காவில், யாரிடமும் கேட்காமல், தாங்களே ஒன்றைக் கண்டார்கள். அதை ஓர் எண்ணாகவே நடத்தி, கூட்டவும் கழிக்கவும் விதி எழுதியவர் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர்; ஆண்டு 628. இந்த மூன்றாவது நிலைதான் உலகை மாற்றியது. அந்தப் பெருமை நமக்கு உரியதே.

டெல்லியிலிருந்து சில மணி நேர ரயில் பயணத்தில் குவாலியர். அங்கே கோட்டைச் சரிவில் சதுர்புஜக் கோயில் சுவரில் 876ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. 270 முழ நீளத் தோட்டம், நாளொன்றுக்கு 50 பூமாலை என்று கோயிலுக்கு எழுதிக் கொடுத்த கொடை. இரண்டு எண்களிலும் சுழியம், நாம் இன்று எழுதும் அதே வட்டம். பெரிய கணித மேதைக்காக வெட்டப்படவில்லை. பூக்கட்டுபவரின் கணக்குக்காக வெட்டப்பட்டது. இந்தியச் சுழியத்தை அந்தக் கல்வெட்டுக்கு முன்பே பாக்தாதின் கணித அறிஞர் அல் குவாரிஸ்மி கையில் எடுத்து, 1202இல் இத்தாலியின் பிபோனாச்சி எழுதி, உலகம் முழுவதும் பரவியது. நடுவில் ஒரு கை விட்டிருந்தாலும் வந்து சேர்ந்திருக்காது.

"மாயா, இன்கா எல்லாம் சக்கரம்கூட அறியாதவர்கள். அவர்களை ஏன் இந்தப் பட்டியலில் சேர்க்கிறீர்கள்?"

சக்கரம் அந்தக் கண்டத்தில் யாருமே அறியாத பொருள் அல்ல. மெக்சிகோவில் சக்கரம் வைத்த சுடுமண் பொம்மைகள் கிடைத்திருக்கின்றன. வண்டி இழுக்க மாடும் குதிரையும் அங்கே இல்லை. தென் அமெரிக்காவின் இன்கா நாடோ செங்குத்தான மலை. இன்காக்கள் சக்கரம் இல்லாமலேயே 30,000 கி.மீ.க்கும் அதிகமான சாலை அமைத்தார்கள். கணக்கை முடிச்சுக் கயிறுகளில் வைத்தார்கள்.

மரபு என்று பார்த்தால், இந்தப் பக்கத்தைப் படிக்கும் ஒவ்வொருவர் வீட்டிலும் அதிகம் இருப்பது அவர்களுடையது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் சனிக்கிழமை வாங்கிவந்த பையைப் பிரித்துப் பாருங்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி, மரவள்ளி: எல்லாமே அமெரிக்கக் கண்டங்களின் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பயிரிட்டுப் பக்குவப்படுத்தியவை. போர்ச்சுகீசியர் வந்த பிறகுதான் நமக்குக் கிடைத்தன. மிளகைப் போல உறைக்கும் காய் என்பதால் மிளகாய். அதற்கு முன் நம் காரம் மிளகுதான். சங்கத் தமிழில் அதற்குக் 'கறி' என்று பெயர். அவர்கள் பெயரை ஒருநாளும் சொல்லாமல் மூன்று வேளையும் அவர்கள் கொடையை உண்கிறோம்.

"அடிமைகளும் சாதியும் வைத்திருந்தவர்களைப் பற்றி எப்படிப் பெருமை பேசுவது?"

ஒரு கல்லூரி மாணவி சோழர் படிமங்களின் முன் நின்று இதைக் கேட்டார். எட்டு ஆண்டுகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி.

எந்த நாகரிகமும் தப்பாது. பாபிலோன் மன்னன் ஹமுராபியின் சட்டத்தில் மேலோன் கண்ணைக் கெடுத்தால் கெடுத்தவன் கண் போகும். சாமானியன் கண் என்றால் வெள்ளி கொடுத்தால் போதும். அடிமை என்றால் அவன் விலையில் பாதி. ஏதென்சில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வாக்கில்லை. நம் தஞ்சைப் பெரிய கோயிலைப் பாருங்கள். 1010இல் முடிந்த, 200 அடிக்கும் உயர்ந்த விமானம். அதே கோயில் கல்வெட்டுகள் கொடுத்தவர் ஒவ்வொருவரின் கொடையையும் எண்ணி எழுதியிருக்கின்றன. தளிச்சேரிப் பெண்கள் என்ற கோயில் பணிப்பெண்கள் 400 பேருக்கு வீடு ஒதுக்கியதைச் சொல்கின்றன. வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்களையும் சொல்கின்றன. ஊரின் ஒரு பகுதி ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி.

அந்த மாணவிக்கு நான் சொன்னது: விமானத்தைக் காட்டும் அதே விரல் அந்தச் சொல்லையும் காட்ட வேண்டும். முதல் பதிலில் சொன்ன 'யாருடைய உழைப்பில், யாருக்காக' என்பது இங்கேதான் கூர்மையாகிறது. கல் சுமந்தவரின் பேரப்பிள்ளைகளுக்கும் அந்தக் கோபுரத்தில் உரிமை உண்டு. சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் அதிகம்.

"சிந்துவெளியின் பெரும்பகுதி பாகிஸ்தானில் இருக்கிறது. அதை எப்படி 'நம்' நாகரிகம் என்கிறோம்?"

மொகஞ்சதாரோவும் ஹரப்பாவும் அங்கே. தோலாவிராவும் லோத்தலும் டெல்லிக்கு அருகிலேயே உள்ள ராக்கிகடியும் இங்கே. பிரிவினையில் பொருள்களையும் பங்கு போட்டார்கள். நடனப் பெண் டெல்லியில்; தாடி வைத்த 'பூசாரி மன்னன்' கராச்சியில். மொகஞ்சதாரோவில் கிடைத்த, தங்கமும் மணிக்கற்களும் கோத்த ஒரு மாலையை அறுத்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நம் பாதி இந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. அதைக் கோத்தவருக்கு இந்தியா என்றும் பாகிஸ்தான் என்றும் எதுவும் தெரியாது. 'நம்' என்று சொல்லுங்கள். 'நம்முடையது மட்டும்' என்று சொல்லாதீர்கள்.

"அழிந்துபோனவை தோற்றுப்போனவைதானே? தொடர்ந்து நிற்பவை சீனமும் தமிழும்தானே?"

சிந்துவெளி ஒரே நாளில் அழியவில்லை. படையெடுத்து வந்து கொன்றார்கள் என்ற பழைய கதையை ஆய்வாளர்கள் கைவிட்டுவிட்டார்கள். கி.மு. 1900ஐ ஒட்டிப் பருவமழை குன்றியது, ஆறுகள் வற்றின, மக்கள் நகரங்களை விட்டுக் கிழக்கேயும் தெற்கேயும் சிற்றூர்களுக்குப் பெயர்ந்தார்கள். எகிப்தோ 3,000 ஆண்டு நீடித்தது. கிளியோபாட்ராவுக்கும் பெரிய பிரமிடுக்கும் உள்ள தொலைவைவிட, அவருக்கும் நமக்கும் உள்ள தொலைவு குறைவு. இவ்வளவு காலம் நின்றதைத் தோல்வி என்று எப்படிச் சொல்வது?

தொடர்ச்சியும் தானாக வருவதில்லை. பிரோஸ் ஷா கோட்லாவின் மேல்தளத்தில் நிற்கும் அசோகர் தூணைப் பாருங்கள். 14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் அதை ஹரியானாவில் உள்ள தோப்ராவிலிருந்து கொண்டுவந்தார். இலவம்பஞ்சு மெத்தையில் சாய்த்து, நாணலும் தோலும் சுற்றி, 42 சக்கர வண்டியில் இழுத்து, யமுனையில் படகேற்றினார்கள். எழுத்தைப் படிக்கப் பண்டிதர்களை அழைத்தார்கள், ஒருவராலும் முடியவில்லை. தூண் கண்முன் நிற்கிறது, மொழியின் வழித்தோன்றல்கள் சுற்றிலும் பேசப்படுகின்றன, எழுத்து மட்டும் செத்துவிட்டது. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் படித்த பிறகே அசோகர் மீண்டும் பேசினார். நமக்கும் அதே கதைதான். மதுரை அருகே மாங்குளம் குகைக் கல்வெட்டு 1882இல் கண்ணில் பட்டது. அது தமிழ் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் காட்டும்வரை யாருக்கும் தெரியாது. சங்க நூல்கள் கறையானுக்குப் போகாமல் நம் கைக்கு வந்ததற்கு, சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் ஊர் ஊராக ஏடு தேடி அச்சேற்றியது காரணம். புறநானூறு அச்சில் வந்தது 1894இல்தான்.

"ஒரு ஞாயிறுதான் இருக்கிறது. குழந்தைகளோடு டெல்லியில் எதையெல்லாம் பார்க்கலாம்?"

காலையில் அருங்காட்சியகம், திங்கட்கிழமை மூடியிருக்கும், மறந்துவிடாதீர்கள். எல்லாக் கூடங்களையும் பார்க்க ஆசைப்பட வேண்டாம். ஹரப்பாக் கூடம், பாதி மாலை, வெண்கலப் படிமங்கள் போதும். மதியம் கோட்லாவின் தூண். நேரமிருந்தால் மெஹ்ரௌலியில் இரும்புத்தூண்: 7 மீட்டருக்கும் மேல் உயரம், 6 டன்னுக்கும் மேல் எடை, 1,600 ஆண்டு மழையில் நின்றும் துருவால் அரிக்கப்படாதது, இரும்பில் உள்ள பாஸ்பரஸ் மேலே ஒரு காப்புப் படலமாகிவிட்டதே காரணம்.

சின்னப் பிள்ளைகள் களைத்துவிட்டால், கிழக்கு கைலாஷ் பக்கம் 1966இல் கண்டுபிடித்த அசோகர் பாறைக்கு மட்டும் போய் வாருங்கள். கூட்டமே இருக்காது. சாய்ந்த பாறையில் பிராமி எழுத்துகள் மங்கலாகத் தெரியும். மாலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரம் போனால் நல்லது. சிலுவைபோல் இருக்கும் எழுத்தைத் தேடச் சொல்லுங்கள், அதுதான் 'க'. தமிழ் பிராமியிலும் அதே வடிவம்தான். கண்டுபிடித்த பிள்ளை அதன்பின் அந்த இடத்தைவிட்டு எளிதில் கிளம்பாது. தண்ணீரும் கொஞ்சம் பொறுமையும் எடுத்துக்கொண்டு போங்கள்.